சுவர்த் தேரையும் சோலைத் தவளையும்: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் மழைக்காட்டு மரத்தவளைகளைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் என் மேசையை நிறைத்துவிட்டன. கல்லூரியில் விலங்கியல் கற்பித்துக்கொண்டிருந்த நாளில் தவளை என்றாலே வகுப்பில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். செட்டிநாட்டில் தவளைக்கு இத்தனை ஆதரவா என்று இப்போது வியக்கிறேன். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. சிலவற்றுக்கு மட்டும் பதில்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய தவளை கண்டுபிடிப்பு என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே காட்டைச் சலித்துவிட்டார்களே, இத்தனை தவளைகள் எப்படி மிச்சம் இருந்தன?
– கல்லூரி மாணவர், திருப்பத்தூர்

தம்பி, சலித்தது உண்மைதான். ஆனால் எப்படிச் சலித்தார்கள் என்று பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்டன், பெடோம் போன்றவர்கள் நம் மலைகளில் பிடித்த தவளைகள் சாராயத்தில் ஊறிக் கப்பலேறின. லண்டன் அருங்காட்சியகத்தில் குந்தரும் பூலஞ்சரும் அவற்றை மேசையில் பரப்பி விவரித்தார்கள். சாராயத்தில் ஊறிய தவளையின் பச்சை போய்விடும், மஞ்சள் போய்விடும், கண்ணின் நிறமும் போய்விடும். எல்லாம் வெளிறிய பழுப்புத் தோலாக மிஞ்சும். ஓர் அங்குலம்கூட இல்லாத அந்தப் பழுப்புத் தவளைகள் நீலகிரியிலிருந்து வந்தாலும் பொன்முடியிலிருந்து வந்தாலும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே பெயரை எழுதி ஒட்டினார்கள். அவை இரவில் எப்படிக் கத்தின என்பதை அந்த மேசையில் இருந்த யாரும் கேட்டதில்லை.

பிறகு நம்மவர் ஒருவர் வந்தார். பெங்களூரு சென்ட்ரல் கல்லூரிப் பேராசிரியர் சி. ஆர். நாராயண ராவ். 1937இல் பல தவளைகளை விவரித்தார். ஆனால் அவர் சேர்த்து வைத்த மாதிரிகள் பின்னாளில் தொலைந்துபோயின. மாதிரி இல்லாத பெயர் பெரிய தலைவலி. காட்டில் கையில் கிடைத்திருப்பது அவர் சொன்ன தவளையா, வேறா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகளில் பெரும்பாலானவற்றுக்கு ‘ராவோர்கெஸ்டெஸ்’ என்று பெயர். 2010இல் இந்தப் பேரினத்தை வகுத்தபோது அவர் நினைவாக வைத்தார்கள்.

நிலைமை மாறியது இந்த நூற்றாண்டில். தவளை ஆய்வாளர்களான எஸ். டி. பிஜுவும் பெல்ஜியத்தின் பிராங்கி போசைட்டும் 2009இல் ஒரே கட்டுரையில் 12 புதர்த்தவளைகளை விவரித்தார்கள். 2014இல் விஜயகுமார், தினேஷ், கார்த்திக் சங்கர் ஆகியோர் அடங்கிய பெங்களூருக் குழு இன்னும் ஒன்பதைச் சேர்த்தது. அதே ஆண்டில் பிஜு குழு, ஓடைப் பாறையில் நின்று காலை நீட்டி ஆட்டிக் காட்டும் ஆடும் தவளைகளில் 14 புதிய இனங்களை அறிவித்தது. அதுவரை பத்தாக இருந்தது ஒரே நாளில் 24 ஆனது. 2017இல் சோனாலி கார்க், பிஜு முதலியோர் ஏழு இரவுத்தவளைகளை விவரித்தார்கள். அவற்றில் நான்கு, கட்டைவிரல் நகத்தில் உட்காரக்கூடியவை. சருகுக்கு அடியில் கிடந்து பூச்சி போலக் கத்துகின்றன. பூச்சி என்று நினைத்து எத்தனை பேர் தாண்டிப் போயிருப்பார்கள்!

மலையின் அமைப்பும் ஒரு காரணம். புதர்த்தவளைக்குக் குளம் வேண்டாம், ஓடை வேண்டாம். இலையிலோ ஈர மண்ணிலோ முட்டையிடும். தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். ஈரம் இருக்கும் ஒரு சோலை போதும், தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்துவிடும். ஆனால் வெயில் காயும் பள்ளத்தைத் தாண்டிப் பக்கத்து மலைக்குப் போகாது. பாலக்காட்டுக் கணவாய் நமக்கு கோவையிலிருந்து திருச்சூர் போகும் வழி. ஓர் அங்குலத் தவளைக்கு அது கடல். வடக்கே ஒரு கூட்டம், தெற்கே ஒரு கூட்டம், செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் இன்னொன்று என்று நெடுங்காலம் பிரிந்தே வாழ்ந்தால் தனித்தனி இனங்கள் ஆகாமல் என்ன செய்யும்?

ஆக, ‘புதிய’ தவளை என்பது நமக்குத்தான் புதிது. பத்திரிகைக்காரர்கள் இதை எழுதுவதே இல்லை.

எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுக்குள் தண்ணீர் அண்டாவுக்குப் பின்னால் ஒரு தேரை ஒட்டிக்கொண்டே இருக்கிறது. விரட்டினாலும் வருகிறது. விஷமா? மருமகள் பிள்ளை உண்டாகியிருக்கிறாள். தேரை மேலே பாய்ந்தால் பிள்ளை மெலியும் என்கிறார்களே?
– ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்

ஆச்சி, முதலில் உப்பை எடுத்து உள்ளே வையுங்கள். உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் உப்புப் போட்டு விரட்டலாம் என்று கட்டாயம் சொல்லியிருப்பார். தவளை தோல் வழியாகத் தண்ணீர் குடிக்கும் பிராணி. உப்புப் பட்டால் துடித்துச் சாகும்.

விஷமில்லை. கையில் எடுத்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கழுவாமல் கண்ணைக் கசக்க வேண்டாம். அவ்வளவுதான். பாய்ந்தால் பிள்ளை மெலியும் என்பதில் உண்மை கிடையாது. பிள்ளை மெலிவது தாய்க்குச் சத்துக் குறைவதாலும், வேறு நோய்களாலும். மருமகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை தவறாமல் கிடைக்கிறதா என்று பாருங்கள். தேரையைவிட அது முக்கியம்.

இதன் அறிவியல் பெயர் பாலிபெடேட்ஸ் மாகுலேட்டஸ். 1830இலேயே கிரே என்பவர் பெயர் சூட்டிவிட்டார். இந்தியாவெங்கும் வீடுகளில் குடியிருக்கும் மரத்தவளை இதுதான். கோடையில் முற்றமும் தோட்டமும் காய்ந்து கிடக்கும்போது ஈரம் இருக்கும் இடத்தைத் தேடி வருகிறது. உங்கள் அண்டாவின் பின்புறத்தை விட்டால் அதற்கு எங்கே போக்கிடம்? விரல் நுனியில் வட்டமான திண்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திண்டின் மேல் அறுகோணச் செல்களும் நடுவே நுண்ணிய வாய்க்கால்களும் உண்டு. அந்த வாய்க்கால்களில் ஊறும் கோழைதான் செங்குத்துச் சுவரில் அதைத் தாங்குகிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த வழவழப்பான சுவரில்கூட ஏறும்.

ஐப்பசி மழையில் கிணற்றடியிலோ தொட்டி விளிம்பிலோ சோப்பு நுரை போல ஒரு கட்டி ஒட்டியிருந்தால் சுரண்டி எறியாதீர்கள். பெண் தேரை பின்னங்காலால் அடித்து எழுப்பிய நுரை அது. மேல்பக்கம் காய்ந்து ஓடாகும், உள்ளே முட்டைகள் ஈரத்தில் இருக்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் சொட்டும். சோலையில் தலைப்பிரட்டையே இல்லாமல் பிறக்கும் புதர்த்தவளையும், உங்கள் அண்டாவின் பின்னால் இருப்பதும் ஒரே குடும்பம் என்றால் நம்புவீர்களா? இரண்டும் ராக்கோபோரிடே குடும்பம்தான்.

தேரை விழுந்த தேங்காய் என்கிறார்களே, உண்மையா?
– தோப்புக்காரர், சாக்கோட்டை

இல்லை. பருப்பில்லாத காய்க்கு மகரந்தச் சேர்க்கைக் குறைவு, போரான் சத்துக் குறைவு போன்றவை காரணங்கள். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தேரையின் மேல் இனியும் பழி போட வேண்டாம்.

இரண்டு தவளைகள் பார்க்க ஒன்றுபோலவே இருந்தால், அவை வேறு இனங்கள் என்று எதை வைத்துத் தீர்மானிக்கிறீர்கள்? டிஎன்ஏ பார்த்தால் முடிந்துவிடுமா?
– மருந்துக் கடைக்காரர், புதுவயல்

முடியாது. டிஎன்ஏவை எல்லாரும் நீதிபதியாக்கிவிட்டார்கள். அது சாட்சி மட்டுமே.

நம் ஊரில் வெளியூர்க்காரருக்கு நகரத்தார் எல்லாரும் ‘செட்டியார்’. வித்தியாசம் தெரியாது. ஆனால் நகரத்தாருக்குள் கோயிலை வைத்துத்தான் குலப் பிரிவு. கல்யாணப் பேச்சு எடுத்தவுடன் முதல் கேள்வி, ‘எந்தக் கோயில்?’ இளையாத்தங்குடியா, மாத்தூரா, வைரவன்கோயிலா என்று தெரியாமல் பேச்சு மேலே நகராது. தவளையும் துணை தேடும்போதுதான் தான் யார் என்று சொல்கிறது. என்ன, நாம் ஒரே கோயிலுக்குள் பெண் எடுப்பதில்லை, தவளை தன் இனத்தை விட்டு வெளியே போவதில்லை. ஆண் கத்துகிறது, பெண் கேட்டுத் தேர்ந்தெடுக்கிறது. தோலின் நிறத்தை நாம் பார்க்கிறோம். இருட்டில் பெண் தவளைக்கு வேண்டியது குரல்.

இதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டு மழைக்காட்டில் இல்லை, வட அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே இரண்டு சாம்பல் மரத்தவளைகள் உண்டு. கண்ணால் பிரிக்கவே முடியாது. ஒன்றுக்குக் குரோமோசோம்கள் 24, மற்றதற்கு 48. குரலிலும் வேறுபாடு உண்டு. 48 உள்ளது மெதுவாக அதிரும், 24 உள்ளது வேகமாக அதிரும். இங்கே ஒரு சிக்கல்: குளிர் கூடினால் எந்தத் தவளையின் குரலும் வேகம் குறையும். ஆகவே குரலைப் பதிவு செய்யும் ஆய்வாளர் அன்றைய வெப்பநிலையையும் குறித்தே ஆக வேண்டும். குறிக்காத பதிவு பாதிப் பதிவு. மாணவர்களிடம் நான் ஓயாமல் சண்டை போட்டது இதற்காகத்தான்.

இனி டிஎன்ஏ. விரல் நுனியில் ஒரு துணுக்கு, அல்லது வாய்க்குள் பஞ்சுக் குச்சியால் ஒரு தடவல் போதும். 16எஸ் என்ற மரபணுத் துண்டை வாசிப்பார்கள். நூறு எழுத்துக்கு மூன்று அளவில் வேறுபட்டால் சந்தேகம் எழும். சந்தேகம்தான், தீர்ப்பல்ல. பிறகு குரல், எலும்பு, விரல்களுக்கிடையே உள்ள சவ்வு, முட்டையிடும் முறை, வாழும் உயரம் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்க்க வேண்டும். நாலு சாட்சியும் ஒரே பக்கம் பேசினால் புதிய இனம் என்று எழுதலாம்.

அண்மையில் நான் மிகவும் ரசித்தது மடகாஸ்கர் செய்தி. அங்கே ஓடையோரம் வாழும் பூஃபிஸ் என்ற மரத்தவளைகள் விசில் அடிக்கின்றன. தண்ணீர் இரைச்சலைத் தாண்டிக் கேட்க உச்சக் குரல் தேவைப்பட்டிருக்கலாம். ஒரே இனம் என்று எண்ணியவற்றின் விசிலையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது அவை ஏழு தனி இனங்கள் என்று 2024இல் அறிவித்தார்கள். விசில் ஒலி ஒரு விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் கருவிச் சத்தம் போல இருந்ததால், ஏழுக்கும் அந்தத் தொடரின் கேப்டன்கள் பெயரையே சூட்டினார்கள். விஞ்ஞானிகளுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு.

காசைக் கொட்டி ஒரு தவளையை ஒன்பதாகப் பிரிப்பதால் யாருக்கு என்ன லாபம்?
– ஓய்வு பெற்ற கணக்காளர், தேவகோட்டை

அண்ணன் கணக்குக் கேட்கிறார். கணக்காகவே சொல்கிறேன்.

ஒரு தவளை ஐந்து மலைகளில் இருக்கிறது என்று பேரேட்டில் எழுதியிருந்தால் ஒரு மலையில் காடு போனாலும் யாரும் பதறுவதில்லை, மற்ற நான்கில் இருக்கிறதே என்பார்கள். ஆராய்ந்து பார்த்தால் ஐந்தும் ஐந்து இனங்கள். அப்படியானால் ஒரு மலையின் காடு போவது ஓர் இனம் அடியோடு போவது. வரவு ஏறவில்லை, நட்டம் மட்டும் முன்பு கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது.

இது கற்பனை அல்ல. இலங்கையைப் பாருங்கள். கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டு, உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்தச் சிறிய தீவில் நூற்றுக்கும் மேற்பட்ட மரத்தவளை இனங்கள் இருப்பதாக 2002இல் மீகஸ்கும்புர குழு ‘சயன்ஸ்’ இதழில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2005இல் மனமேந்திர ஆராச்சியும் பெதியகொடவும் 27 புதிய இனங்களை ஒரே மூச்சில் விவரித்தார்கள். ஆனால் அதே வேலையின்போது இன்னொன்றும் தெரிய வந்தது. அருங்காட்சியகப் புட்டிகளில் கிடந்த பழைய தவளைகள் சிலவும் தனி இனங்கள்தான், காட்டில் போய்த் தேடினால் அவை இல்லை. காப்பிக்கும் தேயிலைக்கும் காட்டை வெட்டிய காலத்தில் அவை போய்விட்டன. பெயர் சூட்டும் கட்டுரையே இரங்கல் குறிப்பாகவும் ஆகிவிட்டது.

ஒன்றிரண்டு திரும்பியும் வந்தன. 1853இல் கெலார்ட் விவரித்த புள்ளித் தவளை ஒன்று, அழிந்ததாக எழுதி மூடிய பிறகு, 2009இல் சிவனொளிபாத மலைக் காட்டில் தென்பட்டது.

நம் பக்கமும் அப்படி ஒரு கதை இருக்கிறது. வெள்ளைப் புள்ளிப் புதர்த்தவளையை 1876இல் குந்தர் விவரித்தார். அதன்பின் நூறு ஆண்டுகளுக்கும் மேல் யார் கண்ணிலும் படவில்லை. 2011இல் மீண்டும் கண்டதாக அறிவித்தார்கள். பிறகு களக்காடு–முண்டந்துறையில் கே. எஸ். சேஷாத்ரி குழு அதைத் தொடர்ந்து கவனித்தது. அது எங்கே முட்டையிடுகிறது தெரியுமா? உயிருள்ள ஈட்டா மூங்கிலின் இரண்டு கணுக்களுக்கு இடையே உள்ள குழலுக்குள். பூச்சியோ எலியோ போட்டுவிட்டுப் போன சிறு ஓட்டை வழியாக உடலை நெளித்து உள்ளே நுழைகிறது. முட்டைகளுக்கு ஆண்தான் காவல். அப்பன் காவல் இல்லாத முட்டைகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இப்படிப்பட்ட ஒரு பிராணி இருக்கிறது என்று தெரிந்தால்தான், தவளை முட்டையிடும் மாதங்களில் மூங்கில் வெட்டுவதைத் தள்ளி வைக்கலாமா என்ற கேள்வியே எழும். பெயரில்லாத ஒன்றுக்காக எந்த அதிகாரியும் மூங்கில் டெண்டரை நிறுத்த மாட்டார்.

நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். காட்டுக்குப் போகாமல் எங்கள் ஊரிலேயே புதிய தவளையைக் கண்டுபிடிக்க முடியுமா?
– மாணவி, கண்டனூர்

செட்டிநாடு வறண்ட செம்மண் பூமி, இங்கே மழைக்காட்டுத் தவளை கிடைக்காது கண்ணு. ஆனால் புதிய இனம் ஊருக்குள் கிடைக்காது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. 2019இல் மேற்கு வங்காளத்தில், கொல்கத்தாவுக்கு அருகே, மனிதர் குடியிருக்கும் இடத்திலேயே ஒரு புதிய மரத்தவளையைக் கண்டார்கள். பாலிபெடேட்ஸ் பெங்காலென்சிஸ் என்று பெயர். கானாடுகாத்தான் ஆச்சி வீட்டு விருந்தாளியின் நெருங்கிய உறவுதான். தினமும் பார்ப்பதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய முதல் வாரத்தில், பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஊருணிக் கரைக்குப் போ. டார்ச்சை அணைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா நில். முதலில் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்கும். பிறகு ஒவ்வொன்றாகப் பிரியும். கனத்த குரல், கண்மாய்ப் பெருந்தவளை. விடாத ஒரே சுருதி, தேரைக்குச் சித்தப்பன் முறையான சொறித்தவளை. சின்னஞ்சிறு வாய்க்குப் பொருந்தாத கரகரப்பு, குறுவாய்த்தவளை. மேலே சுவரிலிருந்தோ புங்க மரத்திலிருந்தோ ‘டக், டக், டக்’ என்று கேட்டால் அது நம் தேரை. செல்பேசியில் பதிவு செய். தேதி, நேரம், இடம், வெப்பநிலை நான்கையும் அதே பதிவில் வாயால் சொல்லிவிடு. காகிதத்தில் எழுதினால் தொலைத்துவிடுவாய். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். தவளையைப் பிடிக்காதே, புட்டியில் போடாதே. கரையில் பாம்பும் தவளைக்காகக் காத்திருக்கும், செருப்புப் போடாமல் போகாதே.

மலைக்குப் போகும் வயது வரும்போது வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு போ. ரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமல் இருக்கச் சாமான்கள் எல்லாம் விற்கிறார்கள். நான் மூக்குப்பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் காலில் தடவிக்கொள்வேன். நாற்றம் கொடுமையாக இருக்கும், கூட வரும் மனிதர்களும் தள்ளி நடப்பார்கள்.

புதிய தவளைக்கு என் பேரன் பெயரை வைக்கலாமா? எவ்வளவு செலவாகும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பள்ளத்தூர்

விலை கேட்டது பள்ளத்தூர் என்பதால் எனக்கு வியப்பில்லை. உங்களுக்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்கள். 2018 டிசம்பரில் ரெயின்ஃபாரஸ்ட் டிரஸ்ட் என்ற அமெரிக்க அமைப்பு, புதிய இனங்கள் பன்னிரண்டுக்குப் பெயர் வைக்கும் உரிமையை ஏலம் விட்டது. கிடைத்த பணம் காடு காக்கும் வேலைக்கு என்று சொன்னார்கள். எனக்கு இதில் அரை மனம்தான்.

மற்றபடி பெயர் சூட்டும் உரிமை அந்த இனத்தை விவரித்து எழுதுபவருக்கு. பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதிகள் உண்டு. பெயருக்கு ஆதாரமாகப் பாதுகாத்து வைக்கும் மூல மாதிரி ஒன்றைக் குறிப்பிட்டு, அடையாளங்களை எழுதி, முறைப்படி வெளியிட வேண்டும். தன் பெயரையே தான் வைத்துக்கொள்வது மரியாதைக் குறைவு என்று கருதப்படும். பிறரை நினைத்து வைப்பார்கள். கோவையில் உள்ள சாக்கான் (சலீம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையம்) நிறுவனத்தின் ஆய்வாளர் பூபதி, 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது இறந்துபோனார். மூன்று ஆண்டு கழித்து, திருவில்லிபுத்தூர்ப் பக்க மலையில் கண்ட ஊதாத் தவளைக்கு ‘பூபதி’ என்று பெயரிட்டார்கள். கேரளப் பக்க ஊதாத் தவளையும் இதுவும் ஒன்றென்றே எண்ணியிருந்தார்கள். ஆனால் அது தென்மேற்குப் பருவமழையில் முட்டையிடுகிறது. இது மழை மறைவுப் பக்கத்தில், வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருந்து முட்டையிடுகிறது.

உங்கள் பேரனின் வயதைக் கடிதத்தில் எழுதவில்லை. பதினைந்துக்கு மேல் என்றால் கண்டனூர்ப் பெண்ணுக்கு எழுதிய பதிலை அவனிடமும் காட்டுங்கள். ஏலத்தைவிட மலிவு.